சேற்றில் பெட்டி வேண்டாம்

பினாங்கில் ஜியோகேச்சிங் ஆடும் தமிழ்த் தம்பி தங்கைகளுக்கு,

சூலியா தெருவிலிருந்து எழுதுகிறேன். ஒரு கையில் கைபேசியோடு ஐந்தடி நடைபாதைத் தூண்களின் பின்னால் குனிந்து தேடும் உங்களை இந்தத் தெருவில் பார்த்திருக்கிறேன். அடுத்ததாகக் கடலோரச் சதுப்பில் தமிழ் இலக்கியத் தடம் ஒன்று அமைக்க வேண்டும் என்ற பேச்சு உங்களுக்குள் இருப்பதாகவும் அறிந்தேன். அந்த எண்ணம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. அதனால்தான் உரிமையோடு ஒன்று கேட்கிறேன்: தடத்தைச் சூலியா தெருவில் தொடங்குங்கள், சதுப்பில் முடியுங்கள். ஆனால் சதுப்பில் பெட்டி எதுவும் ஒளித்து வைக்காதீர்கள்.

விளையாட்டை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காகச் சில வரிகள். ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நீக்கினார்கள். அதுவரை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவி, ஒரே இரவில் சில மீட்டர் துல்லியத்துக்கு வந்துவிட்டது. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டோரத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை உலகுக்கு அறிவித்தார். கண்டெடுப்பவர் ஏதாவது எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஏதாவது வைக்க வேண்டும், குறிப்பேட்டில் பெயர் எழுத வேண்டும். விதி அவ்வளவுதான். அந்த முதல் வாளிக்குள் புத்தகங்களும் இருந்தன என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இதற்கு ஒரு மூத்த பாட்டனும் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் க்ரான்மியர் பூல் என்னும் சதுப்புக் குழிக்கருகே, 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு கண்ணாடிப் போத்தலை வைத்தார். அங்கே வரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். அதே டார்ட்மூரில்தான் ஆர்தர் கானன் டாயில் தன் பாஸ்கர்வில் நாவலை நடத்தினார். ஆளை விழுங்கும் புதைசேறு அந்தக் கதையில் ஒரு பாத்திரம் போலவே வரும். சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ தொடங்குவதும் கென்ட் மாவட்டத்துக் கடலோரச் சதுப்பில், ஒரு கல்லறைத் தோட்டத்தில். கூலிங் என்னும் சிற்றூரின் தேவாலயத்துக்கு அந்தச் சிறு கல்லறைகளைப் பார்க்கவென்றே வாசகர்கள் போகிறார்கள். சேறும் எழுத்தும் தேடலும் அங்கே நெடுநாளாகச் சேர்ந்தே இருக்கின்றன.

நம்மிடம் இருப்பது அதைவிடப் பழையது. கடற்கரையையும் உப்பங்கழியையும் ஒரு திணையாக வகுத்து, அதற்கு நெய்தல் என்று ஒரு பூவின் பெயரைச் சூட்டி, காத்திருந்து வருந்தும் மனத்தை அதற்கு உரிப்பொருளாகக் கொடுத்த மொழி நம்முடையது. ஐங்குறுநூற்றின் இரண்டாம் நூறு முழுவதும் நெய்தல், பாடியவர் அம்மூவனார். உப்பு விளையும் பாத்தி, உப்பு ஏற்றிப் போகும் உமணரின் வண்டி, புன்னை, தாழை, கழியில் பூக்கும் முண்டகம் என்று சங்கப் பாட்டுக்குள் ஒரு சதுப்பு நிலமே அடங்கியிருக்கிறது. முண்டகம் என்பது கழிமுள்ளி. பினாங்கின் அலையாத்திக் காட்டோரங்களிலும் அதே செடி முள்ளிலையோடு நிற்கிறது. சங்கப் பாட்டில் வரும் தில்லை மரமும் இங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. பெட்டி தேடுகிறோம் என்று கிளையை ஒடிக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழிலக்கியத்தின் சதுப்பு எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் கோடிக்கரை என்பேன். தமிழகக் கரை தெற்கே ஓடிவந்து சட்டென்று மேற்கே மடங்கும் முனை அது. அதன் மேற்குப் பக்கம் வேதாரண்யம் உப்புச் சதுப்பு விரிந்து கிடக்கிறது. அங்கே கடலை நோக்கித் தனியே அமர்ந்திருக்கும் கோடிக்குழகர் என்னும் சிவனைப் பார்த்து, இப்படித் துணையில்லாமல் இருக்கிறீரே என்று சுந்தரர் மனம் நொந்து ஒரு பதிகமே பாடியிருக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து, கல்கி தன் ‘பொன்னியின் செல்வன்’ கதையை அதே முனைக்குக் கொண்டுபோனார். இரண்டாம் பாகத்தில் ‘சேற்றுப் பள்ளம்’ என்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஓடக்காரப் பெண் பூங்குழலியைத் துரத்தி ஓடும் வந்தியத்தேவன் புதைசேற்றில் இறங்கிவிடுகிறான், அவள்தான் அவனை மீட்கிறாள். சதுப்பில் இரவில் தோன்றி மறையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளையும் கல்கி விடவில்லை. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த அந்தத் தொடரைப் படித்தவர்கள், கோடிக்கரையைக் கண்ணால் காணாமலே அதன் சேற்றில் கால் வைத்தவர்கள்.

கல்கியின் தொடர் வருவதற்கு முன்பே இன்னொரு கூட்டமும் அங்கே நடந்து போயிற்று. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் வேதாரண்யம் வரை நடந்து உப்பு அள்ளினார்கள். நடைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் நாமக்கல் கவிஞர். தேவாரம், தொடர்கதை, நடைப்பாட்டு மூன்றும் ஒரே உப்புச் சேற்றில் ஒட்டியிருக்கின்றன. உலகில் வேறு எத்தனை சதுப்புகளுக்கு இந்தப் பேறு உண்டு?

கோடிக்கரைக்கும் சூலியா தெருவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கிங் தெருவும் சூலியா தெருவும் சந்திக்கும் முனையில் நிற்கும் நாகூர் தர்காவைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக, கடல் தாண்டி வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. நாகூரிலிருந்து கரையோரமாகவே தெற்கே போனால் நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடிக்கரை. அந்தக் கரையில் ஏறி இந்தக் கரையில் இறங்கியவர்களின் தெரு இது. நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிப் பினாங்குக்கு வந்த ரஜூலா கப்பலும், அதன் பின் எம்.வி. சிதம்பரமும் நம் பெற்றோர் வாயில் இன்றும் அடிபடும் பெயர்கள். 1985-இல் சிதம்பரம் தீப்பற்றியதோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை அந்தக் கரையையும் பினாங்குக் கரையையும் ஒரே நாளில் அடித்தது.

ஆகவே தடம் இங்கே தொடங்கட்டும். பிரான்சிஸ் லைட் 1786-இல் ஊர் அமைத்தபோது வகுத்த எல்லைத் தெருக்களில் இதுவும் ஒன்று. அன்று கடல் பீச் தெரு வரை வந்து நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ எழுப்பிய பிறகு கரை விலகிப் போயிற்று, தெருவும் காட் லெபோ சூலியா என்று நீண்டு அதைத் துரத்திப் போயிற்று. முதல் கேள்வியை இங்கேயே வைக்கலாம்: பழைய கரை எங்கே நின்றது என்று, கட்டடங்களையும் தெருப் பலகைகளையும் பார்த்து வருகிறவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அடுத்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். காதர் மைதீன் மரைக்காயரின் பெயரோடு சேர்ந்த கட்டடம். சூலியா தெருவிலேயே இருக்கும் நூர்தீன் குடும்பக் கல்லறை மாடத்தைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள்? நாகூரைச் சேர்ந்த புலவர் குலாம் காதிறு நாவலர் பினாங்கில் தங்கித் தமிழ் இதழ் நடத்தியவர். பின்னாளில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் புலவராக மதிக்கப்பட்டார். இந்தத் தெருக்களில் தமிழ் எழுத்து அச்சேறிய காலம் ஒன்று இருந்தது என்பதை உங்கள் தடம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? ஆர்மீனியன் தெருச் சுவரோவியங்களைத் தேடி வருகிறவர்கள் நாள் முழுதும் சுற்றுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், நல்லது. அவர்களில் ஒருவர்கூடத் தமிழ்ப் பெயர் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் ஊர் திரும்பும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

ப. சிங்காரத்தை விட்டுவிட்டுப் பினாங்கில் தமிழ்த் தடம் அமைக்கவே முடியாது. சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதில் மெடானுக்குப் போய், போர் முடிந்தபின் மதுரைக்குத் திரும்பியவர். ‘கடலுக்கு அப்பால்’ 1959-இலும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இலும் நூலாயின. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சுமத்ராக் கரையிலிருந்து தொங்கான் என்னும் மரக்கலத்தில் புறப்பட்டு, புயலில் சிக்கி, உயிரைக் கையில் பிடித்துப் பினாங்கு வந்து சேரும் ‘புயலிலே ஒரு தோணி’யின் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு வெல்ட் கீ ஓரம் போய் நில்லுங்கள். எதிரே தெரியும் நீர் வெறும் படகுத்துறையாகத் தெரியாது. உங்கள் தடத்தில் ஒரு நிலையம் அங்கே இருக்க வேண்டும், அதில் எண்ணைக் கேட்காமல், நாவலின் அந்த அத்தியாயத்தைப் படித்தால் மட்டுமே விடை தெரியும் கேள்வியைக் கேளுங்கள்.

அங்கிருந்து படகேறிப் பட்டர்வொர்த். பிறகு வடக்கே, தெலுக் ஆயர் தாவார் முதல் கோலா மூடா வரை நீளும் சேற்றுக் கரை. தீவு அலையை மறித்து நிற்பதால் நீரிணையில் வண்டல் அமைதியாகப் படிகிறது, மூடா ஆறும் தன் பங்குக்கு மண் கொண்டுவந்து சேர்க்கிறது. ஓதம் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. சைபீரியப் பக்கத்திலிருந்து ஆஸ்திரேலியா நோக்கிப் போகும் உள்ளான் வகைப் பறவைகள் ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் வந்து இங்கே இறங்குகின்றன. உலகில் மிகச் சிலவே எஞ்சியிருக்கும் நோர்ட்மன் பச்சைக்காலியும் அவற்றுள் ஒன்று. கரையின் வடமுனையில் மூடா ஆற்றைத் தாண்டினால் கடாரம், அதாவது கெடா. பட்டினப்பாலை சொல்லும் காழகத்துக்குக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரை எழுதினார். பூம்புகார்க் கடற்கரையில் வந்து குவிந்த பொருள்களில் ஒரு பகுதி இந்த ஆற்றுமுகத்துப் பக்கமிருந்து போனது என்று அந்த உரையாசிரியர் கொண்டார். இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு நம்மில் பெரும்பாலோர் அந்தக் கரையை ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை.

இனி என் வேண்டுகோளின் காரணங்கள்.

பறவைதான் முதல் காரணம். ஓதம் வற்றிய சில மணி நேரத்துக்குள் அது சேற்றில் புழுவும் நத்தையும் தின்று வயிறு நிரப்ப வேண்டும், ஓதம் ஏறியதும் கரையோரம் ஒதுங்கி இளைப்பாற வேண்டும். நாளுக்கு இரண்டு முறை இந்தச் சுழற்சி. ஆள் நடமாட்டத்தால் எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்துக்குச் சேர்த்துவைத்த கொழுப்பைச் செலவழிக்கிறது. பெட்டி வைத்துவிட்டால் தேட வருகிறவர் ஒருவரோடு நிற்காது. வருவார்கள், கிடைக்காது, சுற்றிச் சுற்றி மிதிப்பார்கள், இன்னொரு நாள் மறுபடி வருவார்கள். அலையாத்தியின் மூச்சு வேர்கள் பென்சில் போல் சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்பவை, காலடியில் ஒடிந்தால் மரத்துக்கே மூச்சு முட்டும். பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தார் 1997 முதல் கையால் கன்று நட்டு வளர்க்கும் காடுகள் உண்டு. அவர்கள் நட்டதை நாம் விளையாட்டில் மிதிக்கலாகாது.

உங்கள் உயிரும் காரணம். சேறு எங்கே கணுக்கால் ஆழம், எங்கே இடுப்பளவு என்று ஜிபிஎஸ் சொல்லாது. வந்தியத்தேவனுக்குப் பூங்குழலி இருந்தாள்.

மூன்றாவது, நெகிழி. ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் எந்த டப்பாவும் நெடுநாள் நிற்காது. ஒரு பெருமழையில் அடித்துப் போய் இன்னொரு குப்பையாக மிதக்கும். இந்த விளையாட்டுக்காரர்களே 2002 முதல் குப்பை பொறுக்கும் கூடல்கள் நடத்துகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சதுப்புக்கு ஒரு சாக்குப்பையோடு போங்கள், அது போதும். கோடிக்கரைக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். 1967 முதல் அது வனவிலங்கு சரணாலயம், 2002 முதல் ராம்சர் சதுப்பு நிலம். பூநாரைகள் வரும் இடத்தில் வனத்துறைக்குத் தெரியாமல் பெட்டி பதுக்குவது எந்த வகையிலும் சரியாகாது.

பெட்டி இல்லாமல் விளையாட்டா என்று கேட்காதீர்கள். விதிகளே அதற்கு வழி வைத்திருக்கின்றன. 2004 முதல் எர்த்கேச் என்ற வகை உண்டு. அமெரிக்க நிலவியல் கழகத்தின் துணையோடு தொடங்கியது. அங்கே பெட்டியே கிடையாது. இடத்துக்குப் போய், நின்று பார்த்து, அந்த மண்ணைப் பற்றிய கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்பினால் கண்டதாகக் கணக்கு. நம் சேற்றுக் கரைக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. கரை மேட்டில், பாதை இருக்கும் இடத்தில், நின்ற நிலையிலேயே விடை காணும்படி கேள்வி அமையட்டும். மண்ணின் நிறம் கரையிலிருந்து நீரை நோக்கிப் போகப்போக எப்படி மாறுகிறது? தீவு இல்லாவிட்டால் இந்தச் சேறு இங்கே தங்கியிருக்குமா? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது: வேதாரண்யத்திலும் இங்கேயும் அதே கடல்நீர், அதே தட்டையான கரை; அங்கே உப்பு விளைகிறது, இங்கே ஏன் விளையவில்லை? விடை வானத்தில் இருக்கிறது. அங்கே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மாதக்கணக்கில் வெயில் காய்கிறது, இங்கே ஆண்டு முழுதும் மழை விட்டுவிட்டு வந்து பாத்தியைக் கரைத்துவிடும். அதைத் தானாகக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு ராஜாஜி ஏன் அந்த ஊரைத் தேர்ந்தார் என்பதும், உமணர் ஏன் நெய்தலில் பிறந்தார்கள் என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும்.

பெட்டி வேண்டும் என்று கை துறுதுறுத்தால் ஊருக்குள் வையுங்கள். பல நிலையங்கள் கொண்ட தடத்தின் கடைசியில் ஒரே ஒரு பெட்டி போதும். அதையும் தர்காச் சுவரிலோ பள்ளிவாசல் மதிலிலோ கல்லறையிலோ செருகாதீர்கள். 2008-இல் உலக மரபுப் பட்டியலில் ஏறிய ஊர் இது. சுண்ணாம்புப் பூச்சில் பசை தடவினாலும் காந்தம் ஒட்டினாலும் கெடும். ஐந்தடி நடைபாதையில் வைப்பதானால் அந்தக் கடைக்காரரிடம் போய், அண்ணே என்றோ மாமா என்றோ கூப்பிட்டு, என்ன செய்யப் போகிறோம் என்று விளக்கிச் சம்மதம் வாங்குங்கள். கடைக்குள் போய்ச் சாமான் வாங்கினால்தான் பெட்டி கிடைக்கும் என்ற ஏற்பாடும் விதிக்கு ஒவ்வாது.

அந்தப் பெட்டியின் எண்களை மறைக்க ஒரு பூட்டு என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மர் பாட்டுகளைத் திணைப்படி எண்ணிட்டு வைத்தார். ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிபவை குறிஞ்சி, நான்கில் முடிபவை முல்லை, ஆறில் முடிபவை மருதம், சுழியில் முடிபவை நெய்தல். நானூறு பாட்டில் நாற்பது நெய்தல். திணைப் பெயர்களை வரிசையாகக் கொடுத்து, அவற்றை எண்ணாக மாற்றச் சொன்னால் அதுவே ஒரு சங்கேதம். சங்க இலக்கியத்தை ஒருமுறையாவது புரட்டாமல் அதை அவிழ்க்க முடியாது. குறிஞ்சிக்கும் பாலைக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட எண் வருவதால் அந்த இடத்தில் மட்டும் ஒரு துணைக்குறிப்பு கொடுங்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு ஒரு பாட வேளைக்கு வேண்டியது அதிலேயே கிடைக்கும்.

கடைசியாக, விவரக் குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். மலாயும் ஆங்கிலமும் கீழே வரட்டும், தமிழ் மேலே இருக்கட்டும். எர்த்கேச் குறிப்பை அந்தந்த ஊர் மொழியில் எழுதுவதை அதன் விதிகளே வரவேற்கின்றன. செப்டம்பரில் பறவைகள் வந்திறங்குவதற்கு முன் கரைமேட்டுப் பாதையை ஒருமுறை நடந்து பார்த்து, நிற்கும் இடங்களைக் குறித்துவிடுங்கள். பறவைகள் இருக்கும் மாதங்களில் எந்த நேரத்தில் கரையை நெருங்கக் கூடாது என்பதை ஓத அட்டவணை பார்த்துக் குறிப்பிலேயே சேருங்கள். உள்ளூர் மீனவர்களிடம் கேட்டால் சேறு உள்வாங்கும் இடங்களைக் காட்டுவார்கள். சிங்காரத்தின் இரண்டு நாவல்களும் என்னிடம் இருக்கின்றன, கேள்வி எழுத உட்காரும்போது தேவைப்பட்டால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சூலியா தெருவிலிருந்து உங்கள் மூத்த வாசகன்